மரத்தலைக்கு விழுந்த திட்டெல்லாம்

"இன்னிக்குக் காலையில எங்க அத்தை என்னைத் திட்டின திட்டுல, அலமாரியில இருந்த அத்தனை டோப்பாவுக்கும் முடி எழுந்து நின்னுடுச்சு! ஒவ்வொண்ணா வாரி உட்கார வைக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

பெரியவள் இதைச் சொன்னபோது நாடகக் கம்பெனியின் உடுப்புக்காரர் டீயை வாயில் வைத்திருந்தார். பாதி உள்ளே போயிற்று. மீதி சட்டையில் இறங்கிற்று.

"யாரை? உன்னையா?"

"என்னைத்தான்."

"சின்னவளைன்னு சொல்லு, நம்பறேன். தண்ணி கேன் போட வர்றவரைன்னு சொல்லு, நம்பறேன். போன மாசம் அளவு எடுக்கும்போது, 'தலையை ஆட்டாம உட்காருய்யா, இது என்ன கோயில் மணியா'ன்னு என்னையே கேட்டாங்க. அதையும் நம்பித்தான் ஆகணும், வாங்கினவன் நான். ஆனா உன்னைத் திட்டினாங்கன்னு மட்டும் சொல்லாதேம்மா. காது குத்தறதுக்கும் ஒரு அளவு வேணும்."

"ஏன்? என்னைத் திட்டக் கூடாதா? எனக்கு என்ன குறைச்சல்?"

அந்தக் கடைசிக் கேள்வியில் லேசாக ஒரு கரகரப்பு இருந்தது. உடுப்புக்காரர் கவனிக்கவில்லை. சட்டையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

வாரா வாரம் இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் படியேறி வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாடியில் மூன்று அறைகள். முன் அறையில் ஆளுயரக் கண்ணாடியும் சுழல் நாற்காலியும். நடு அறையில் ஜன்னலோரம் நீளமான மேஜை, மேஜை நிறைய மரத்தலைகள், தலைகள் மேல் முடிந்தும் முடியாமலும் டோப்பாக்கள். பின் அறையில் முடி அலசும் தொட்டி. பட்டறையை நடத்துவது அத்தை. மூத்த மகன் முடியும் சாயமும் வாங்க ஊரெல்லாம் அலைகிறவர். இளையவன் கப்பலில் சமைக்கிறான். அவனுக்கும் கதைக்கும் இப்போதைக்குச் சம்பந்தமில்லை. அவர்களுடைய மனைவிமார்தான் பெரியவளும் சின்னவளும்.

அத்தையின் வாய் அந்தத் தெருவுக்கே பிரசித்தம். அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டினால், எதிர் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்து பல் தேய்க்கப் போவார்கள். தப்பு ஏதும் செய்யாதவர்கள்கூட மனசுக்குள் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்கள். அவள் திட்டாத மனித ஜென்மம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது பெரியவள்.

வேறு வீடாக இருந்தால் இதைப் பாக்கியம் என்பார்கள். இந்த வீட்டில் அது வயிற்றெரிச்சல்.

காரணம், நெத்தி.

டோப்பாவில் பின்மண்டைக்கு நாலு முடியைச் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டுவிடலாம். யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. நெற்றி ஓரத்தில் அந்தப் பேச்சே கிடையாது. கொசுவலையை விட மெல்லிய வலைத்துணி. அதில் கொக்கி ஊசியால் ஒற்றை ஒற்றை முடியாகக் கோத்து, முளைத்த மாதிரி சாய்த்து முடிய வேண்டும். அந்த ஓரத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் இது தலையா, தொப்பியா என்று தீர்ப்பு எழுதுவார்கள். பட்டறையில் அந்த வேலைக்கு 'நெத்தி' என்று பேர். அத்தையைத் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை.

போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அத்தை ஒரு குண்டு போட்டாள். "இந்த நாடக டோப்பாவுலேர்ந்து நெத்தியை ஒருத்தி கையில குடுத்துடப் போறேன்."

எந்த ஒருத்தி என்று சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நெத்தி போகிற கைக்குத்தான் பட்டறையும் போகும் என்பது மட்டும் மூன்று பேருக்கும் தெரியும்.

அன்று முதல் பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. எவளைத் திட்டுகிறாளோ அவளைத்தான் அத்தை தயார் செய்கிறாள். இதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்?

நடு அறையில் சின்னவள் ஒரு துண்டு வலைத்துணியில் நெத்தி போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து அப்போது சத்தம் கிளம்பிற்று.

"அடியே! இது நெத்தியா, துடைப்பமா? ஒரே ஓட்டையில மூணு முடி! இப்படி ஒண்ணைப் போட்டுக்கிட்டு அந்த நடிகை அம்மா மேடையில வந்து நின்னா, முள்வேலிக்குப் பின்னாடி யாரோ அழறாங்கன்னு நினைப்பாங்க! சாய்ச்சுப் போடுடி! முடி எங்கேயாவது கம்பம் மாதிரி நட்டுக்கிட்டு முளைச்சுப் பார்த்திருக்கியா?"

உடுப்புக்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆகா. இது திட்டு."

பெரியவள் நடு அறைப் பக்கம் காதைத் திருப்பினாள். அடுத்தவள் கழுத்தில் புதுச் சங்கிலியைப் பார்ப்பது போல, அடுத்தவளுக்கு விழும் திட்டை ஒரு வார்த்தை சிந்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிலும் அந்த 'அடியே'! இந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாள் முதல் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் 'வாம்மா', 'இருக்கட்டும்மா', 'நீ போய்ப் படும்மா'. ஒவ்வொரு 'ம்மா'வும் வாசலில் நிற்கிற விருந்தாளிக்கு நீட்டுகிற தண்ணீர்.

சின்னவள் வெளியே வந்தாள். காது சிவந்திருந்தது. முகம் என்னமோ பரிசு வாங்கினவள் மாதிரி பளபளத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அகராதி அச்சிடும் கம்பெனியில் பிழை திருத்தியவள்; எது நடந்தாலும் அதற்கு ஒரு வார்த்தை வைத்திருப்பாள்.

"அக்கா, நம்ம பட்டறைக்குன்னே இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு, தெரியுமா? விக்கிங்."

"அப்படின்னா?"

"திட்டு! நிக்க வச்சு, நீளமா, மூச்சு விடாம குடுக்கற திட்டு. எழுத்துல அவ்வளவா வராது, பேச்சுல சொல்வாங்க. விக்னா டோப்பா இல்லையா? அதுலேர்ந்து வந்தது."

"டோப்பாவுக்கும் திட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் உடுப்புக்காரர். "கழட்டி அடிப்பாங்களா?"

"இல்லை சார். அந்தக் காலத்துல அங்கே நீதிபதி, பாதிரியார், பெரிய பணக்காரர் எல்லாம் டோப்பா வச்சுக்கிட்டுத்தான் நடமாடுவாங்க. பெரிய ஆள்னா பெரிய டோப்பா. கடைசியில பெரிய ஆளுக்கே பிக்விக்னு பேராயிடுச்சு. அந்த மாதிரி ஒருத்தர் தனக்குக் கீழே இருக்கிறவனைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கினா, அது விக்கிங். ஒரு இருநூறு வருஷமா இருக்கற வார்த்தை. அநேகமா இப்படித்தான் வந்திருக்கணும்னு அகராதிக்காரங்க சொல்றாங்க. சத்தியம் பண்ணலை."

"அத்தைகிட்ட சொன்னியா?" என்றாள் பெரியவள்.

"சொன்னேனே! 'திட்டறதுக்கு அவனுக்கு டோப்பா வேணுமா? எனக்கு வாய் போதும்'னுட்டாங்க." சின்னவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொண்ணு கூட உண்டு அக்கா. ஒரு பழைய கொச்சை அகராதியில பார்த்தேன். தனியா கூப்பிட்டுத் திட்டினா அதுக்கு வேற வார்த்தை. நாலு பேர் பார்க்கத் திட்டினாத்தான் விக்கிங்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். வார்த்தை மட்டும் பெரியவளிடம் தங்கிவிட்டது.

மேலே ஒருவர். கீழே ஒருவர். சுற்றி நாலு பேர். சின்னவளுக்கு மூன்றும் இருக்கிறது. தனக்கு? அத்தைக்குக் கீழே அவள் இல்லை. மேலேயும் இல்லை. பக்கவாட்டில் எங்கேயோ, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், கைபடாமல் இருக்கிறாள்.

'இன்னிக்கு வாங்காம விடறதில்லை' என்று முடிவு கட்டினாள்.

முடிக்கு அடி உண்டு, நுனி உண்டு. கத்தையில் அடியெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் மறுபக்கம் இருந்தாக வேண்டும். தலைகீழாகக் கலந்துவிட்டால் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு, இரண்டாம் நாளே டோப்பா குருவிக்கூடாகிவிடும். இந்தப் பட்டறையில் அது கொலைக்குற்றம். நேற்று வந்த ஆள்கூடச் செய்ய மாட்டான்.

பெரியவள் மேஜைக்குப் போனாள். நாடக டோப்பாவை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஒரு கத்தை முடியை எடுத்து, அதில் பாதியை நிதானமாகத் தலைகீழாகத் திருப்பிக் கலந்தாள். பட்டப்பகலில், ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டு, பக்கவாட்டில் முழுசாக ஒரு வரிசை முடிந்தாள். திருடன்கூட இத்தனை சாவகாசமாகத் திருடியிருக்க மாட்டான்.

"அத்தை, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அத்தை வந்தாள். இரண்டு விரலால் முடியை மேலிருந்து கீழே நீவினாள். கீழிருந்து மேலே நீவினாள். விரல் நின்றது.

கழுத்தில் ஆரம்பித்த சிவப்பு காது வரை ஏறிற்று. மூக்கு விடைத்தது. வாய் திறந்தது. 'அ' என்ற எழுத்து உதட்டு நுனி வரைக்கும் வந்துவிட்டதைப் பெரியவள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பரீட்சை முடிவுக்கு நிற்பவளைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

உதடு மூடிக்கொண்டது.

"பரவாயில்லைம்மா," என்றாள் அத்தை. "அசதியா இருக்கும். நீ போய்க் கொஞ்சம் படு." அப்படியே கழுத்தை மட்டும் திருப்பினாள். "அடியே சின்னவளே! பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு நீ என்னடி பார்த்துக்கிட்டு இருந்தே? கண்ணு என்ன முகத்துக்கு அழகுக்கா வச்சிருக்கு?"

"நானா!" என்றாள் சின்னவள்.

தன் கையால் பாடுபட்டுச் சம்பாதித்த திட்டு, தன் கண் முன்னாலேயே அடுத்தவள் மடியில் போய் விழுந்தது. பெரியவள் எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

"அது என் திட்டு!"

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். நிஜமாகவே சின்னவள் கையிலிருந்து ஒரு ஊசி விழுந்தது. கேட்டது.

"தப்பு பண்ணினது நான். வேணும்னே பண்ணினேன். அது என் திட்டு அத்தை. என்கிட்ட குடுங்க."

முன் அறையில் உடுப்புக்காரர் நாற்காலியை வாசல் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா பேசறே நீ?"

"இந்த 'ம்மா'வே எனக்கு வேண்டாம்! இவ நேத்து வந்தவ. இவளுக்கு அருவியா கொட்டறீங்க. எனக்கு ஒரு சொட்டு கிடையாது. நான் இந்த வீட்டு ஆள் இல்லையா? என் வேலை திட்டறதுக்குக்கூட லாயக்கில்லையா? நேரா சொல்லிடுங்க, நெத்தி இவளுக்குத்தான்னு. நானும் கேட்டுட்டு, நீங்க சொன்ன மாதிரி போய்ப் படுத்துக்கறேன்."

அத்தை மெல்ல உட்கார்ந்தாள். அத்தனை பெரிய வாய் அத்தனை நேரம் சும்மா இருந்ததை அந்த மரத்தலைகளே பார்த்ததில்லை.

"என்னால முடியாதும்மா. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"உன் புருஷனுக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் மகன் வந்து நின்றானாம். அவள் வீட்டில் அவளை யாரும் அதட்டிக்கூடப் பேசினதில்லை. உன் வாயை அவள் தாங்க மாட்டாள். நீ ஒரு வார்த்தை திட்டினாலும் அவளைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போய்விடுவேன் என்றானாம். "போயிடுவானேன்னு பயந்து, சரிடான்னுட்டேன்."

"அப்போ இத்தனை வருஷமா நான் பண்ணின தப்பெல்லாம்?"

அத்தை பின் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். தொட்டிக்கு மேலே, பலகையில், நடுவில் விரிசல் விட்ட ஒரு மரத்தலை தனியாக உட்கார்ந்திருந்தது.

"அதைத் திட்டிக்குவேன்."

"ஐயையோ அத்தை!" என்று சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ளே சத்தம் போடுவீங்களே, அதுவா? நான் முடி அலசறதுக்கு ஏதோ பாட்டுன்னு நினைச்சேன்!"

பெரியவள் அந்த மரத்தலையைப் பார்த்தாள். மூக்கும் வாயும் இல்லாத அந்த முகத்தில் ஒரு திருப்தி இருப்பதாக அவளுக்குத் தோன்றிற்று. தன் பேரில் வந்த அத்தனையையும் வருஷக்கணக்காக வாங்கி அனுபவித்த திருப்தி. சின்னவள் மேல் இருந்தது போதாதென்று, ஒரு கட்டை மேலேயும் இப்போது பொறாமை வந்து சேர்ந்தது.

போனை எடுத்தாள்.

"ஏங்க, எங்கே இருக்கீங்க?"

"சாயக்கடையில. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அம்மா திட்டிட்டாங்களா? நினைச்சேன்! பெட்டியைக் கட்டு, இதோ வந்துட்டேன்!"

"திட்டலைங்க. திட்ட மாட்டேங்கறாங்க."

"சரியா கேக்கலை. மறுபடி சொல்லு."

"நீங்க வாங்கின வாக்கைத் திருப்பிக் குடுங்க."

"உன் நல்லதுக்குத்தானே..."

"நான் கேட்டேனா? எனக்கு வர வேண்டியதை வேண்டாம்னு சொல்ல நீங்க யாரு?" போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். "இந்தப் பட்டறையில திட்டு வாங்காம யாருங்க வேலை கத்துக்கிட்டாங்க? எல்லாரையும் உள்ளே விட்டுட்டு என்னை மட்டும் வாசல்லயே உட்கார வச்சுட்டீங்களே!"

அந்தப் பக்கம் அவர் சாயக்கடைக் கூச்சலை விட்டு வெளியே வருவது கேட்டது.

"அம்மாகிட்ட குடு," என்றார் கடைசியில். "அம்மா... சரி. திட்டிக்கோ. ஆனா கொஞ்சம் பார்த்து..."

"வைடா போனை. பார்த்துத் திட்ட எனக்குத் தெரியாது."

அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மூச்சை இழுத்தாள். ஜன்னல் திரை உள்பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. ஒட்டிக்கொண்டது.

"அடியே!"

பெரியவளுக்கு உச்சந்தலை வரை சிலிர்த்தது.

"முதல் நாள் வலைத்துணியைப் பின்பக்கமா பிடிச்சே, இன்னிக்கும் அப்படித்தான்டி பிடிக்கறே! முடிச்சை இழுக்கும்போது மூச்சை அடக்கறே, விடறே, அடக்கறே. அதனாலதான் உன் வரிசை ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல பல்லிளிக்குது! நரை கலக்கச் சொன்னா உப்புத் தூவற மாதிரி தூவறே! நரை காதோரம் முதல்ல வரும்டி, கண்ணாடியில உன் தலையைப் பார்த்தாலே தெரியுமே! அந்த ராஜா வேஷத்து டோப்பாவை அழகா இருக்குன்னு நீயே சொல்லிக்கிட்டு இருந்தியே, நீ உங்க அம்மா வீட்டுக்குப் போன வாரம் அதை மொத்தமா பிரிச்சு நான் திரும்பக் கட்டினேன், தெரியுமா உனக்கு?"

தெரியாது. பெரியவள் முகத்தில் பூத்திருந்த சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. அந்த டோப்பாவை அவள் பெருமையோடு நாலு பேரிடம் சொல்லியிருந்தாள். திட்டு என்றால் இப்படி வலிக்கும் என்பதே இப்போதுதான் தெரிந்தது. தான் முடிந்த வரிசையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்து மடியில் விழுவது போல் இருந்தது. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அத்தை நிறுத்தவில்லை. கடை திறந்து மூடுகிற நேரம் வரைக்கும் போயிற்று என்று தெருவில் இப்போது சொல்கிறார்கள். அவ்வளவு இல்லை. கீழே ஒரு பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, கண்டக்டர் மேலே அண்ணாந்து கேட்டுக்கொண்டு நின்றதில் போக்குவரத்து அடைபட்டதென்னவோ வாஸ்தவம்.

"உன் விரல் சின்னவ விரலை விட நிதானம்டி!" அத்தை அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள். "வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். ரெண்டு வருஷம் திட்டியிருந்தா உன்னை நெத்தியில உட்கார வச்சிருப்பேன். எனக்குப் பக்குவமா சொல்லித் தரத் தெரியாது, திட்டத்தான் தெரியும்! அந்த விரல் தப்பாவே போறதைப் பார்த்துக்கிட்டு, வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேனே, எனக்கு எப்படிடி இருந்திருக்கும்?"

பெரியவள் விசும்பினாள். வலிக்கா, சந்தோஷத்துக்கா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"அழுது முடிச்சாச்சா? அந்தத் தலைகீழ் வரிசையை முதல்ல பிரி. அப்புறம் கொக்கி ஊசியை எடு. நெத்தியை உனக்குக் குடுத்துட்டேன்னு நினைச்சுக்காதே. ஒரு வரிசை போட்டுக் காட்டு. மூச்சை அடக்காம!"

ஜன்னலோரம் சின்னவள் பழகுகிற வலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தன்னைவிட நிதானமான விரல் என்பதைக் கேட்ட இடத்திலேயே நின்றிருந்தாள். அவளை யாரும் 'அடியே' என்று கூப்பிட்டு வெகு நேரமாகிவிட்டது.

"அத்தை, நான் போட்டதையும் கொஞ்சம் பாருங்களேன்."

அத்தை திரும்பவில்லை. "இருக்கட்டும்மா. அப்புறம் பார்க்கறேன்."

ம்மா!

சின்னவள் முகத்தில் இருந்த பளபளப்பு விளக்கை அணைத்தது போல் போயிற்று. மேஜையின் மறுகோடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு கத்தை முடியைக் கையில் எடுத்தாள். அடி எந்தப் பக்கம், நுனி எந்தப் பக்கம் என்று அவள் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. காலி டம்ளரைப் பிடித்தபடி உடுப்புக்காரர் நின்றுகொண்டிருந்தார். எப்போது நாற்காலியை விட்டு எழுந்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை.

"கேட்டுச்சா அண்ணே?" என்றாள் பெரியவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"காலையில நடந்ததா நீ சொன்னியே, அது பொய்தானே?"

"அது பொய்தான்."

உடுப்புக்காரர் அத்தையைப் பார்த்தார். ஈரம் காயாத பெரியவளின் முகத்தைப் பார்த்தார். டம்ளரை மரியாதையாகக் கீழே வைத்தார்.

"இது நடந்ததுதாம்மா. ஒத்துக்கறேன். உன்னைத்தான் திட்டினாங்க."